காக்காக் கடி பிறந்த மத்தியானம்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது செல்லக்கனி. என் இரண்டாவது பிள்ளையைப் பெற்று நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். உடன்குடிப் பக்கம் ஊர். என் மூத்தவளும் அவளுடைய பையனும் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து ஒரே ஒரு பன்னுக்காக மல்லுக்கு நின்றார்கள். என் மகள் அந்தப் பன்னில் நாக்கை வைத்துவிட்டு, "இனிமே இது எனக்குத்தான்" என்றாள். எழுந்து அதட்ட எனக்குத் தெம்பில்லை. செல்லக்கனிதான் ஒருக்களித்துப் படுத்தபடியே, "ஏ பிள்ளைகளா, நாக்கு வச்சா எனக்குங்கிற சட்டம் போயி எவ்வளவு காலமாச்சு, உங்களுக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தாள். கதை முடிகிற நேரம் பன் இரண்டாகியிருந்தது.

அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. என் ஜெபத்தில் அவள் பேர் இன்றைக்கும் வரும். அவள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

வாயுள்ளதெல்லாம் பேசின காலம் அது. காக்காய் பேசும், ஓணான் பேசும், எறும்புகூட அதன் பங்குக்கு ஏதாவது சொல்லும். மனிதர்களும் பறவைகளும் ஒரே தேரியில் குடியிருந்தார்கள். தேரி என்றால் செம்மணல் காடு. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். பனை நிற்கும், இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாய் நாவல் மரம் நிற்கும். கல் என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை நடக்க வேண்டும்.

அப்போது எல்லா உயிருக்கும் சேர்த்து ஒரு சட்டம் இருந்தது. ஒரு வாய் பட்டதை இன்னொரு வாய் தொடக்கூடாது. தண்ணீருக்கு அதில் சிரமம் இல்லை. செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் ஒரு செம்பில் பத்துப் பேர் குடிக்கலாம். திங்கிற பொருளுக்குத்தான் வழி கிடையாது. எந்த வாய் முதலில் பட்டதோ அந்த வாய்க்கே அது முழுசும் சொந்தம்.

பெரியவர்களுக்குக் கையில் அரிவாள் இருந்தது, வெட்டிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? நாக்குதான் இருக்கிறது. ஒரு பனம்பழம் விழுந்தால் ஓடிப்போய் நக்கிவிடுவார்கள். "நாக்கு வச்சாச்சு" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தத் தேரியிலேயே நீளமான நாக்கு கொம்பையனுக்கு. ஆளும் நெட்டை, காலும் நெட்டை. பத்துப் பழம் விழுந்தால் பத்தையும் நக்கிவிட்டு வந்து ஒன்றைத் தின்பான். மிச்சம் ஒன்பதும் கிடந்து அழுகும். ஒரு தடவை வேறொரு பையன், "நான்தாம்ல முதல்ல கையை வச்சேன்" என்று சண்டைக்கு வந்தான். அதற்குக் கொம்பையன், "கை வச்சா செல்லாது. நாக்கு பட்டிருக்கணும். ருசி தெரிஞ்சிருக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னான். அதிலிருந்து பிள்ளைகள் மத்தியில் அவன் சொன்னதுதான் சட்டம்.

அவனைக் கெட்ட பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். நாம் நக்காவிட்டால் அடுத்தவன் நக்கிவிடுவானே என்கிற பயம். அந்தப் பயம் வந்துவிட்டால் வயிறு நிறைந்தாலும் நாக்கு உள்ளே போகாது.

கொம்பையன் வீட்டுக்கு அடுத்த குடிசையில் பேச்சி இருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்து, ஓட்டைப் பல்லோடு சிரிக்கிற வயசு. அவர்கள் வீட்டுக்கு முன்னால் நின்ற நாவல் மரத்தில் ஒரு காக்காய் கூடு கட்டி ஒரு குஞ்சு பொரித்திருந்தது. பேச்சி அதைக் காக்காச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வருஷம் மழை இல்லை. பனை பாளை விடவில்லை. நாவல் மரம் பூக்கவே இல்லை. ஊற்று வற்றிப்போனதால் பெரியவர்கள் எல்லோரும் மண்வெட்டியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு, தேரிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தோண்டப் புறப்பட்டார்கள். போகும்போது பேச்சியின் அம்மா அடுக்குப்பானையின் அடியிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்தாள். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுத்த பழைய கருப்பட்டி. இறுகிப்போய் இரும்பு மாதிரி இருந்தது.

"நம்ம வீட்டுக்கும் கொம்பையன் வீட்டுக்கும் சேர்த்து இது ஒண்ணுதான் இருக்கு. நாங்க தண்ணியோட வந்து அரிவாளால தட்டி ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம். அதுவரைக்கும் எவன் நாக்கும் படாம வச்சிருக்கணும். உன்னை நம்பித்தான் தாரேன்."

"எம்மா, கொம்பையன் வந்தான்னா?"

"அவனுக்கும் சேர்த்துத்தாம்டி சொல்லுதேன்."

பேச்சி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நாவல் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. போனவர்களைக் காணவில்லை.

மேலே கூட்டில் குஞ்சு முதலில் கத்திக்கொண்டு கிடந்தது. பிறகு முனகியது. பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. காக்காய் இறங்கி வந்து பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"பேச்சி, மக்களே, உன்கிட்ட ஒண்ணு கேட்கலாமா?"

"கேளு சித்தி."

"நேத்துலேர்ந்து பிள்ளை வாய்ல ஒண்ணும் விழலை. பழம் பழுத்துத் தானா கூட்டுல விழும்னுதான் நான் இந்த மரத்தைப் பார்த்துக் கட்டினேன். இந்த வருஷம் மரமும் கைவிட்டிருச்சு."

"நீ எங்கயாவது போயி எடுத்திட்டு வரலாம்ல?"

காக்காய் தலையைக் குனிந்துகொண்டது. "எதால எடுப்பேன்? எனக்குக் கை இருக்கா? வாயாலதான் எடுக்கணும். என் வாய் பட்டா அது எனக்குத்தான் ஆகும், பிள்ளைக்கு ஆகாது. காலையிலகூட ஒரு வெட்டுக்கிளி கிடைச்சுது. நான் தின்னுட்டேன். பிள்ளை என்னையவே பார்த்துக்கிட்டுக் கிடந்தது."

பேச்சி நிமிர்ந்து கூட்டைப் பார்த்தாள். மடியில் கிடந்த கருப்பட்டியைப் பார்த்தாள். முழுசையும் கொடுத்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் ராத்திரிக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் என்ன சொல்வது? கொடுக்காமல் இருந்தால் பொழுது சாயும்போது அந்தக் கூட்டில் உயிர் இருக்காது.

"கொஞ்சம் உடைச்சுத் தாரேன் சித்தி" என்றாள்.

கையால் முறுக்கினாள், முடியவில்லை. பனை மரத்தின் மேல் ஓங்கி எறிந்தாள். அது பட்டுத் தெறித்து மணலில் புதைந்தது. ஓடிப்போய்த் தோண்டி எடுத்து ஊதினாள். ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. தட்டுவதற்குக் கல் கிடையாது. கடிக்கலாமென்றால் முன்பல் கிடையாது, இருந்தாலும் கடிக்கக்கூடாது.

அந்த நேரத்தில் கொம்பையன் வந்து சேர்ந்தான். காக்காய் எழும்பி மரத்துக்குப் போய்விட்டது.

"ஏட்டி பேச்சி, உங்க வீட்ல கருப்பட்டி இருக்காமே."

"உனக்கு யாரு சொன்னா?"

"ஓணான் சொல்லிச்சு. எங்க, காட்டு. சும்மா பார்க்கத்தான் கேக்கேன்."

"நீ எதைச் சும்மா பார்த்திருக்க? உன் கண்ணு பார்க்க முன்னால நாக்குல்லா பார்க்கும்."

பேச்சி சட்டென்று கருப்பட்டியைப் பாவாடை நுனிக்குள் வைத்துச் சுருட்டி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கொம்பையன் விட்டால்தானே. பாய்ந்து அவள் கையை விலக்கி, கருப்பட்டி துருத்திக்கொண்டு நின்ற இடத்தில் நாக்கை அழுத்தி ஒரு நக்கு நக்கிவிட்டான்.

"நாக்கு வச்சாச்சு. எனக்கு."

மரத்து மேல் காக்காய் கண்ணை மூடிக்கொண்டது. பேச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுகிற நேரத்திலும் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"ஏல, நக்கினேன்னு சொல்லுதியே, இனிச்சுதா?"

கொம்பையன் நாக்கை வாய்க்குள் சுழற்றிப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"உப்புக் கரிச்சுது."

"அது என் வேர்வை. நீ என் பாவாடையை நக்கியிருக்க."

பேச்சி துணியை விரித்தாள். வெளிப்பக்கம் நாக்குப் பட்ட ஈரம் வட்டமாக இருந்தது. உள்ளே கருப்பட்டி காய்ந்து, அம்மா கொடுத்தபடியே இருந்தது.

"ருசி தெரிஞ்சிருக்கணும்னு சட்டம் போட்டது நீதான். இப்பம் நீயே சொல்லு, இது யாருக்கு?"

கொம்பையன் தலையைச் சொறிந்தான். இத்தனை நாள் எல்லோரையும் மடக்கிய சட்டம் அவனையே மடக்கிவிட்டது. "இது செல்லாது" என்று வாய்க்குள்ளேயே சொன்னான். சொல்லிவிட்டு மறுபடியும் நாக்கை நீட்டப் போனான்.

"மக்களே, அதை மூடுங்க" என்று மேலேயிருந்து ஒரு சத்தம். காக்காய் பறந்து வந்து இறங்கியது. அதற்கு மூச்சு வாங்கியது. "துணியை மறுபடியும் மூடு பேச்சி. நல்லா இழுத்து மூடு. நான் கடிக்கேன்."

"நீயா? உன் அலகு பட்டா உனக்குல்லா ஆயிரும்?"

"துணியிலதான படும்? அவன் நாக்கு உள்ள போகலைல்லா? என் வாயும் உள்ள போகாது."

பேச்சி தயங்கினாள். "துணி கிழிஞ்சிட்டா சித்தி?"

"கிழிஞ்சா அது எனக்கு ஆயிரும். எனக்கு ஆயிட்டா என் பிள்ளை போயிரும். நான் கிழிப்பேனாம்மா?"

பேச்சி துணியை மடித்து மூடி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். காக்காய் தன் கூர்மையான அலகு நுனியை ஒதுக்கிவிட்டு, பக்கவாட்டில் வைத்து, மெல்ல மெல்ல அழுத்தியது. கொம்பையன்கூட மூச்சுவிடாமல் நின்றான்.

டக் என்று ஒரு சத்தம்.

துணியை விரித்தார்கள். கிழியவில்லை. உள்ளே பெரிதாக ஒரு துண்டு, சின்னதாக ஒரு துண்டு, கொஞ்சம் தூள். எல்லாம் காய்ந்து கிடந்தது. எந்த வாயும் பட்டிருக்கவில்லை. முதன்முதலாக ஒரு கடி விழுந்தும் யாருக்கும் சொந்தமாகாத பொருள் அது.

"பெரிசு எனக்கு" என்றான் கொம்பையன்.

"எதுக்கு உனக்கு?"

"நான் பெரிசா இருக்கேன்லா."

"அப்படின்னா குஞ்சுக்குத் தூளு. அதானே உன் கணக்கு?"

காக்காய் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. தன் பிள்ளைக்கென்று கேட்க அதற்குக் கூச்சம். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கண்ணால் பெரிய துண்டைப் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து மற்றக் கண்ணால் சின்னத் துண்டைப் பார்த்தது. "இன்னும் ஒரு கடி கடிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டது. பேச்சி மூடினாள், காக்காய் கடித்தது. மறுபடியும் விரித்து, மறுபடியும் தலையைச் சாய்த்து அளந்தது. இப்படியே துண்டுகள் ஒன்றுக்கொன்று சண்டை போடாத அளவுக்கு வந்தன. தன் பங்கைத் தானே அளக்காமல், அடுத்தவர் பங்கை அளந்ததால் அந்த அளவு சரியாக இருந்தது என்பாள் செல்லக்கனி.

பேச்சி ஒரு துண்டை எடுத்துக் கொம்பையன் கையில் வைத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான்.

"ஏட்டி, இது நக்காமலே என்னுதா?"

"ஆமா."

"யாரும் எடுக்க மாட்டாங்களா?"

"எடுத்தா நாங்க ரெண்டு பேரு இருக்கோம்லா."

அவனுக்கு அது புதிதாக இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தான், மூடினான், திறந்து பார்த்தான். கருப்பட்டி அங்கேயே இருந்தது.

பேச்சி இன்னொரு துண்டையும் நீட்டினாள். "இது குஞ்சுக்கு. எனக்குக் கொப்பு எட்டாது. நீதான் ஏறணும்."

"நானா?"

"உன்னை விட்டா இங்க வேற நெட்டை யாரு இருக்கா?"

காக்காய் கொம்பையன் வாயையே பார்த்தது.

கொம்பையன் ஒரு கையில் குஞ்சின் பங்கை வைத்துக்கொண்டு மறுகையால் மரத்தில் ஏறினான். பாதி மரத்தில் அவன் முகத்துக்கு நேராக அந்தக் கை வந்தது. கருப்பட்டி வாசம் மூக்கில் ஏறியது. அவன் நாக்கு பழக்கத்தில் தானாக வெளியே வந்தது. கீழே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொம்பையன் கொஞ்ச நேரம் அப்படியே தொங்கினான். பிறகு நாக்கை உள்ளே இழுத்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மேலே ஏறிப் போனான்.

கூட்டில் குஞ்சு கண் செருகிக் கிடந்தது. அவன் துண்டை நகத்தால் சுரண்டி, தூளை அதன் அலகு ஓரத்தில் வைத்தான். முதலில் அசைவில்லை. அப்புறம் அந்தச் சின்ன வாய் திறந்தது. உள்ளே சிவப்பாக, ஒரு பூ மாதிரி. இனிப்பு உள்ளே இறங்க இறங்க அதற்குக் குரல் வந்தது. அவன் விரலையே கொத்தி இன்னும் கேட்டது.

அவன் இறங்கி வந்தபோது காக்காய் அவன் காலடியில் வந்து உட்கார்ந்தது. "எப்பா கொம்பையா, நீ நல்லா இருக்கணும்" என்றது. கொம்பையனை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. அவன் திரும்பி நின்றுகொண்டு தன் துண்டை வாயில் போட்டான். எத்தனையோ பழம் நக்கியிருக்கிறான். அப்படி ஒரு இனிப்பை அன்றைக்குத்தான் பார்த்தான்.

"சித்தி, உன் பங்கு எங்க?" என்று கேட்டது அவன்தான்.

"எனக்கு எதுக்குப்பா? நான் காலையில வெட்டுக்கிளி தின்னுட்டேன்."

"அதெப்படி? கடிச்சவ நீல்லா" என்று சொல்லி, தூளில் ஒரு கிள்ளு எடுத்து அதன் முன்னால் வைத்தான்.

மிச்சமிருந்த துண்டுகளில் பேச்சி தன் பங்கைத் தின்றாள். இரண்டு அம்மாக்களுக்கும் உள்ளதைப் பாவாடை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டாள். அப்போது அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் பாவாடை ஓரத்தை முன்பல் இல்லாத வாயால் கிழிக்க முடியாமல் கையாலேயே கிழித்து, ஒரு துண்டுத் துணியைக் காக்காயிடம் நீட்டினாள்.

"இந்தா சித்தி. நாளைக்கு நாங்க இல்லாட்டி? நீ எதை எடுத்தாலும் இதை நடுவுல வச்சு எடு. உன் பிள்ளைக்கு நீயே கொண்டு போயிரலாம்."

காக்காய் அந்தத் துணியை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டது. பெற்ற பிள்ளைக்குத் தன் வாயால் ஊட்ட அதற்கு அன்றைக்குத்தான் வழி கிடைத்தது.

"உங்களுக்குத் திருப்பித் தர என்கிட்ட ஒண்ணும் இல்ல மக்களே" என்றது. "என் கடி ஒண்ணுதான் இருக்கு. அதை வச்சுக்கிடுங்க. பொருள் ஒண்ணா இருந்து பிள்ளைங்க ரெண்டா இருந்தா, துணியைப் போட்டு மூடி என் பேரைச் சொல்லிக் கடியுங்க. அதை எவனும் எச்சில்னு சொல்லக்கூடாது."

பொழுது சாய, தலையில் தண்ணீர்ப் பானையோடு பெரியவர்கள் வந்தார்கள். பேச்சியின் அம்மா பானையை இறக்கியதும் மகளைத்தான் பார்த்தாள். பாவாடை ஓரம் கிழிந்திருந்தது. வெளியெல்லாம் கருப்பட்டிக் கறையும் காக்காய் எச்சிலும் கொம்பையன் எச்சிலும். இருந்தது அந்த ஒரு பாவாடைதான்.

"என்ன காரியம்டி பண்ணி வச்சிருக்க?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தவள், அந்த நுனியைப் பிடித்து இழுத்தாள். கையில் ஏதோ தட்டுப்பட்டது. முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே இரண்டு துண்டு, ஒரே அளவில்.

"இது உனக்கும்மா. அது கொம்பையன் அம்மைக்கு. ஒரு வாயும் படலை."

காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல் மணல் தோண்டினவள் அவள். ஓங்கின கை தானாக இறங்கியது. கொம்பையன் அம்மாவைக் கூப்பிட்டு அவள் பங்கைக் கொடுத்தாள். தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டு, அந்தக் கறை படிந்த நுனியைக் கையில் பிடித்தபடியே மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மேலே கூட்டிலிருந்து குஞ்சு கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த மத்தியானத்திலிருந்துதான் பிள்ளைகள் கையில் ஒரே மிட்டாய் இருந்தால் சட்டையால் மூடிக் கடித்து, காக்காக் கடி என்று சொல்லிப் பாதியை நீட்டுகிறார்கள். காக்காய் எதைப் பார்த்தாலும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பதும், எந்தக் காக்காய்க் கூட்டைப் பார்த்தாலும் அதில் ஒரு துண்டுத் துணி கிடப்பதும் அதனால்தான்.

என் பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி நன்றாக இருக்கிறார்கள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். கதை கேட்ட உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சட்டை நுனி கசங்கி, பிசுபிசுவென்று இருந்தால், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் திட்டாமல் துவைத்துப் போடுங்கள்.